ஒரு சைக்கிள் இடம்

சந்திரகலாவின் பின்னால் லாரி ஓட்டிக்கொண்டு வந்தவர்களில் அவளைத் திட்டாதவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். ரோட்டு ஓரத்தில் ஒரு சைக்கிள் தாராளமாகப் போகிற அளவுக்கு இடம் சும்மா கிடக்கும். அதை விட்டுவிட்டு நடுவாக்கில் ஏறி ஓட்டுவாள். ஹாரன் அடித்தாலும் ஒதுங்க மாட்டாள். காது கேட்காதவள் என்று நினைத்தவர்கள் உண்டு. திமிர் பிடித்தவள் என்று நினைத்தவர்கள் அதைவிட அதிகம். இரண்டும் இல்லை. அந்த ஓரத்து இடம் ரத்னாவுடையது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ரத்னா ஊரைவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

அத்திமேட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஒன்பது கிலோமீட்டர். அந்த ஒன்பதையும் சந்திரகலாவும் ரத்னாவும் பதினான்கு வருஷம் சேர்ந்தே மிதித்தார்கள். இருவருக்கும் ஒரே கம்பெனி. உர மூட்டைக்கும் சிமென்ட் மூட்டைக்கும் பிளாஸ்டிக் சாக்கு நெய்து தைத்து அனுப்பும் இடம். ரத்னா தறிப் பக்கம். சந்திரகலா, தைத்து வரும் சாக்கில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் மேசையில். ரத்னா ஆறு வயது மூத்தவள். அதனால் அக்கா. சந்திரகலா வெறும் கலா.

ரத்னாவுக்குச் சின்ன வயதில் சீழ் வடிந்து இடது காது போய்விட்டது. சேர்ந்து போக ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அதைச் சொல்லிவிட்டாள். "இந்தாண்ட நின்னு பேசினா செவுத்துக்குச் சொன்ன மாதிரிதான். எனக்கு வலது கைப் பக்கமா வந்துடு கலா." அப்படித்தான் சந்திரகலா ரோட்டுப் பக்கம் வந்தாள். போகும்போதும் சரி, வரும்போதும் சரி, ரத்னா ஓரத்தில். இவள் அவளுக்கு வலப்பக்கத்தில், கழுத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு, பேசிக்கொண்டே.

என்ன பேசினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கொழம்புக்குப் புளி கூடிப்போனது, ஏரியில் தண்ணீர் இறங்கியது, மகள் காயத்ரிக்கு வந்த வரன், கொழுந்தன் வரதன் வரப்பை இவள் வயலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது, எல்லாம்தான். ரத்னா பேசுவது குறைவு. "ம்" என்பாள். சரியான இடத்தில் "அப்பால?" என்பாள். பேசுகிறவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

நான்கு வருஷத்துக்கு முன்னால் சந்திரகலாவின் புருஷன் ஆதிநாராயணன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு "அழாத, அழாத" என்றார்கள். அழ இடமில்லாமல் போனது. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சைக்கிள் ஏறி ஊர் எல்லை தாண்டியதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. ரத்னா நிறுத்தச் சொல்லவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, கூடவே மிதித்தாள். அப்படி ஒரு மாதம் அவர்கள் தாமதமாகத்தான் கம்பெனிக்குப் போனார்கள்.

பிறகு காயத்ரியை ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தாள். வீடு காலியானது. கம்பெனியில் தறிச் சத்தத்தில் யாரும் பேச முடியாது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள். ஆக, ஒரு நாளில் சந்திரகலா வாய் திறந்து பேசியது, போகும்போது நாற்பது நிமிஷம், வரும்போது நாற்பது நிமிஷம்.

பொங்கல் முடிந்த கையோடு அதுவும் போனது. ரத்னாவின் மகன் பரத் வேப்பம்பட்டில் ஃபிளாட் வாங்கினான். அவன் மனைவி சத்யா அம்பத்தூரில் வேலைக்குப் போகிறாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ரத்னா வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு, இரண்டு பைகளோடு கார் ஏறினாள். "போய்க்கினு வர்றேன்டி" என்றாள். அது மட்டும்தான் சொன்னாள்.

சந்திரகலா இரண்டு முறை போன் செய்தாள். முதல் முறை, வரதன் வரப்பைப் பற்றி ஐந்து நிமிஷம் விலாவாரியாகச் சொன்னாள். அந்தப் பக்கம் "ம்... ம்... சரி. நல்லாகீறியா? வெச்சிடட்டா?" இரண்டாம் முறை, காயத்ரி முழுகாமல் இருப்பதைச் சொன்னாள். அதற்கும் "ம்... ம்... சரி." ஒரு "அப்படியா" இல்லை, "எத்தனாவது மாசம்" இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு மாதிரி ஆனது. சந்திரகலாவுக்குச் சுருக்கென்று வந்தது. புது வீடு, பேரன், லிப்ட்டு. இனிமேல் இந்தச் சாக்குக்காரியின் பேச்சு எதற்கு? போனை வைத்துவிட்டு, மூன்றாம் முறை கூப்பிடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

முடிவு கட்டியது மனசு. கழுத்துக்கு அது தெரியவில்லை. மறுநாளும் சைக்கிள் ஏறியதும் இடப்பக்கம் திரும்பிக்கொண்டது. ஓரத்தில் ஒரு சைக்கிள் இடத்தை விட்டுவிட்டு, அந்த இடத்தைப் பார்த்தபடியே ஓட்டினாள்.

வலி முன்பே இருந்ததுதான். பேச்சில் தெரியவில்லை. இப்போது பேச்சு இல்லை, வலி மட்டும் மிச்சம். பின்கழுத்தில் ஆரம்பித்துத் தோள்பட்டைக்கு இறங்கி, முதுகுச் சப்பையில் கல் வைத்தது போல உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்தால் கழுத்து வலப்பக்கம் அசையாது. யாராவது அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் இடுப்போடு முழு உடம்பும் திரும்ப வேண்டும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அடுத்தவருக்கு வந்தால் வைத்தியம் தெரியாதவரே கிடையாது. தலையணையை வெயிலில் போடச் சொன்னாள் ஒருத்தி. விளக்கெண்ணெயைச் சூடு காட்டித் தடவச் சொன்னாள் இன்னொருத்தி. கால் முதலில் வெளியே வந்து பிறந்த பெரியவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், அவர் கால் பட்டால் சுளுக்கு ஓடிவிடும் என்றார்கள். அங்கேயும் போனாள். அவர் மூன்று முறை காலால் நீவிவிட்டார். சுளுக்கு ஓடவில்லை. அது சுளுக்கும் அல்ல.

ஆவணி மாதம் ஒரு காலை, நெடுஞ்சாலையைக் கடந்து சிப்காட் ரோட்டில் திரும்ப வேண்டிய இடத்தில், இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர் ஒன்று வலப்பக்கமிருந்து வந்தது. சந்திரகலா பார்க்கவில்லை. கழுத்து திரும்பாதவள் எப்படிப் பார்ப்பாள்? பிரேக் போட்ட சத்தத்தில் சைக்கிளோடு சாய்ந்து விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. சாப்பாட்டு டப்பா திறந்து புளிச்சாதம் ரோட்டில் கொட்டியது. டிரைவர் இறங்கி வந்து கத்தினான்.

"இன்னாம்மா, ஊட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?"

எல்லா டிரைவரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். சந்திரகலா காதிலும் அது நூறு தடவை விழுந்திருக்கிறது. அன்றைக்கு மட்டும் அவளுக்குப் பதில் தோன்றியது. சொல்லிவிட்டு வர வீட்டில் யார் இருக்கிறார்கள்? தான் அங்கே செத்துக் கிடந்தால் சாயங்காலம் வரை யாருக்கும் எதுவும் குறையாது என்று நினைத்தாள். சாதத்தைக் கையால் அள்ளி ஓரத்தில் போட்டுவிட்டு எழுந்தாள்.

பின்னால் வண்டியில் வந்த சூப்பர்வைசர் மணவாளன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மோசமான ஆளில்லை. ஆனால் பயந்த ஆள்.

"இ.எஸ்.ஐ.க்குப் போய்க் காட்டும்மா. ஒரு மாசம் டைம் தர்றேன். சைக்கிள் ஓட்டலாம்னு அவங்க எழுதிக் குடுத்தாத்தான் நீ சைக்கிள்ல வரலாம். உனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தலதான் உருளும்."

"வேன்ல வர்றதுக்கு எங்க ஊருக்கு வேன் வர்றதில்லயே சார்."

"அதுக்கு நான் இன்னா பண்ண?"

கம்பெனி வேன் நெடுஞ்சாலையோடு போய்விடும். அங்கே வரை ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். டவுன் பஸ் வருகிற நேரத்துக்கு ஷிப்ட் பாதி முடிந்திருக்கும். சைக்கிள் போனால் வேலை போனது. வேலை போனால், பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அந்த வீட்டில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு வயலில் வரும் நெல் போதும். அதைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. அந்த வீட்டில் ஒரு முழுப் பகலை எப்படிக் கழிப்பது என்றுதான் பயந்தாள்.

இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண் மோனிகா. மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருபவள், காயத்ரி வயதுதான் இருக்கும். சந்திரகலாவைச் சுவரோரம் ஸ்டூலில் உட்கார வைத்து, இடப்பக்கம் திரும்பச் சொன்னாள். கழுத்து வெண்ணெய் மாதிரி போனது. வலப்பக்கம் திரும்பச் சொன்னாள். மூக்கு நேராக இருந்த இடத்திலிருந்து நாலு விரல் நகர்ந்து நின்றுவிட்டது.

"அங்க ஜன்னல் இருக்குது பாருங்க. தெரியுதா?"

"தெரியலம்மா."

"ஒரு பக்கமா படுப்பீங்களா? தையல் மிஷின்ல உக்கார்ற வேலயா? தூக்கற வேலயா?" எல்லாவற்றுக்கும் இல்லை. "சைக்கிள் எப்டி ஓட்டுவீங்க? இந்தா, இந்தக் கம்பிய ஹேண்டில்னு நினைச்சுப் புடிச்சுக் காட்டுங்க."

சந்திரகலா கம்பியைப் பிடித்தாள். முழங்கை இரண்டும் விறைத்தன, தோள்கள் காது வரை ஏறின, தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. மோனிகா அவளை முன்னால் வந்து பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள்.

"ரோட்ட பாக்காம இன்னாத்தப் பாக்கறீங்க? லெப்ட்ல இன்னா இருக்குது?"

"ரத்னாக்கா வருவாங்க. அவங்களுக்கு இந்தாண்டக் காதுதான் கேக்கும்."

"சரி. ஒரு மாசத்துக்கு அவங்கள இடம் மாத்தி வரச் சொல்லுங்க. இல்லாட்டி முன்னால போகச் சொல்லுங்க."

"அவங்க இப்ப வர்றதில்ல. எட்டு மாசமாச்சு."

மோனிகாவின் கை அவள் தோளில் இருந்தது. அப்படியே இருந்தது. "அப்ப எட்டு மாசமா யார பாத்துக்கினு ஓட்றீங்க?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. சந்திரகலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிராய்த்த முழங்கையைத் தடவிக்கொண்டு, எரிகிறது என்று பொய் சொன்னாள்.

அதன் பிறகு மோனிகா சொன்னவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். அதனாலேயே கஷ்டமானவை. ஹேண்டிலைக் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடிக்கக் கூடாது, கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். முழங்கை கொஞ்சம் மடங்கியிருந்தால் ரோட்டுப் பள்ளம் கையோடு நிற்கும், கழுத்துக்கு ஏறாது. தோளில் மாட்டுகிற பை இனிமேல் கேரியருக்குப் போக வேண்டும். ஏறுவதற்கு முன் தோளைப் பத்து தடவை பின்பக்கம் சுழற்ற வேண்டும். ஓட்டும்போது தோள் ஏறுகிறதா என்று நினைவு வரும்போதெல்லாம் இறக்கிவிட வேண்டும். வண்டி வராத இடம் பார்த்து, கால் ஊன்றி நின்று, கழுத்தை வலப்பக்கம் மெல்லத் திருப்பி, பத்து எண்ணி, நேரே கொண்டுவர வேண்டும். "அதவிட முக்கியமா, நீங்க ரோட்டு ஓரத்துல ஓட்டணும்மா. அந்த இடம் இப்ப காலியாத்தான கீது?"

காலியாகத்தான் இருக்கிறது. அதை ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

சிப்காட் முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஸ்டீவனிடம் ஹேண்டிலை உயர்த்தச் சொல்லிப் போனாள். அவன் முன் சக்கரத்தைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னாக்கா இது, ஹேண்டிலே லெப்ட்ட பாத்துக்கினு நிக்குது. நீ இத்தன நாளு கோணலா புடிச்சுக்கினே நேரா போயிருக்க." நிமிர்த்தி, இரண்டு விரல் உயரம் தூக்கி, சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி முடுக்கிக் கொடுத்தான்.

ஓரத்தில் ஓட்டிய முதல் நாள் அவளுக்குத் திருட்டுத்தனம் செய்வது போல இருந்தது. ஊருக்குப் போனவளின் பாயில் அவளைக் கேட்காமல் படுத்த மாதிரி. மண்ணும் சரளையும் டயருக்கடியில் நறநறத்தன. இந்தச் சரளையிலா ரத்னா பதினான்கு வருஷம் ஓட்டினாள், ஒரு நாள்கூடச் சொல்லவில்லையே என்று நினைத்தாள். உடனே கோபம் வந்தது. சொல்லாதவள்தான். போனில்கூட எதையும் சொல்லாதவள்.

கோபத்தில் ஒரு நல்லது இருக்கிறது. அது ஆளைக் கிளப்பிவிடும். கழுத்தைச் சரியாக்கிக் காட்டுகிறேன் பார், நீ இல்லாமல் நேராக ஓட்டிக் காட்டுகிறேன் பார் என்று தினமும் மிதித்தாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் நின்று பத்து எண்ணுவாள். அரிசி மில் தாண்டி நின்று பத்து. நெடுஞ்சாலைக்கு முன்னால் நின்று பத்து. முதல் வாரம் வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாம் வாரம் கழுத்தில் ஏதோ ஒரு கயிறு ஒரு முறுக்குத் தளர்ந்தது. மூன்றாம் வாரம், எதிரே வருகிறவர்களின் முகம் தெரிய ஆரம்பித்தது.

இத்தனை பேரா தினமும் எதிரே வருகிறார்கள்? மீன் கூடையைக் கட்டிக்கொண்டு பழவேற்காட்டுப் பக்கமிருந்து வருகிறவர், ஸ்கூட்டியில் டீச்சர் ஒருத்தி, நைட் ஷிப்ட் முடிந்து தூக்கத்தோடு மிதித்து வரும் வடக்கத்திப் பையன்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது, அவரவர் அவசரம் அவரவருக்கு. ரோடு நிறைய ஆள் இருந்தும் பேச ஆளில்லை என்பது, கழுத்து நேரானபோது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அந்தக் கோணல் கழுத்தே தேவலையாக இருந்தது என்றுகூட ஒரு நாள் நினைத்தாள்.

நான்காம் வாரம் மோனிகா மறுபடியும் சுவரோரம் உட்கார வைத்தாள். சந்திரகலா வலப்பக்கம் திரும்பினாள். ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரம் தெரிந்தது. மரத்தடியில் நிறுத்தியிருந்த தன் சைக்கிளும் தெரிந்தது. மோனிகா கை தட்டினாள். மணவாளன் கேட்ட சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"ஊட்ல போய்ச் சொல்லுங்கம்மா, சந்தோசப்படுவாங்க."

சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு சந்திரகலா வீட்டுக்கு வந்தாள். காயத்ரிக்குப் போன் போட்டாள். அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பதாக மாமியார் சொன்னார். வரதன் வீட்டில் கதவு சாத்தியிருந்தது. நல்ல சேதி ஒன்றைச் சொல்ல ஆளில்லாமல் இருப்பது கெட்ட சேதியைவிடக் கொடுமை. கெட்ட சேதி என்றால் நாலு பேர் தானாக வந்து நிற்பார்கள். அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்து ஒரு முறை வலப்பக்கம் திரும்பிக் காட்டினாள். அப்புறம் வெட்கமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டுக்குக் கிளம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. பரத்திடம் மட்டும் விலாசம் கேட்டிருந்தாள். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, திருவள்ளூர் வண்டி மாறினாள். வழி நெடுக, சொல்ல வேண்டியதைத் தீட்டிக்கொண்டே போனாள். 'உன்னால கோணின கழுத்துக்கா இது. நீ இல்லாமலே நிமித்திட்டேன். போன்ல ரெண்டு வார்த்த பேச முடியாதவள ஊடு தேடி வந்து பாத்துட்டுப் போறேன், ஏன்னா எனக்கு மானங்கெட்ட மனசு.' இதைச் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். தண்ணீர் பாட்டில் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

ஃபிளாட்டுக்குக் கீழே சிமென்ட் பெஞ்சு ஒன்று இருந்தது. அதில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது ரத்னாதான். கொண்டை இன்னும் கொஞ்சம் நரைத்திருந்தது.

"அக்கா" என்றாள் சந்திரகலா. திரும்பவில்லை. "ரத்னாக்கா!" வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் மாடி பால்கனியில் துணி காயவைத்துக்கொண்டிருந்த சத்யா எட்டிப் பார்த்தாள். ரத்னா மட்டும் திரும்பவில்லை. சந்திரகலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்போது, இடப்பக்கம் நின்று விளையாடிக்கொண்டிருந்த பேரன் ரத்னாவின் முந்தானையை இழுத்தான். ரத்னா அவன் பக்கம் திரும்பினாள். கழுத்தைத் திருப்பவில்லை. இடுப்போடு, முழு உடம்பையும் பெயர்த்துத் திரும்பினாள். அவனுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, மறுபடியும் அதே மாதிரி உடம்பைத் திருப்பிக்கொண்டதும் அவள் தலை தானாக வலப்பக்கம் போய் நின்றது. பெஞ்சின் அந்தப் பக்கம் யாருமில்லை. காலி இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சந்திரகலாவுக்கு அந்தத் திரும்பல் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும். ரயிலில் தீட்டிய வார்த்தைகளில் ஒன்றுகூட நாக்கில் மிஞ்சவில்லை.

சத்யா படியிறங்கி ஓடி வந்தாள். "வாங்க ஆன்டி! பின்னால நின்னு கூப்ட்டா அத்தைக்குக் கேக்காது ஆன்டி, தெரியாதா? நல்லா இருந்த காதும் போயி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுன்னு டாக்டர் சொன்னாரு. தறிச் சத்தமாம். மெஷின் வாங்கிக் குடுத்தோம், வெறும் இரைச்சல்தான் கேக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டாங்க. கழுத்து வேற ஒரு பக்கமா நின்னுக்கிச்சு. கேட்டா தலகாணி சரியில்லன்றாங்க."

இரண்டு வருஷம். சந்திரகலா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சேர்ந்து மிதித்த கடைசி ஒன்றரை வருஷத்தில், போக நாற்பது நிமிஷமும் வர நாற்பது நிமிஷமும் தான் பேசிய எதுவும் அந்தக் காதில் விழவில்லை. காயத்ரி கல்யாணப் பேச்சு முழுக்க விழவில்லை. தினமும் ரத்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டிய சந்திரகலாவுக்கு, ரத்னா ஏன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஹாரன் கேட்காதவளை ஓரத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் லாரிகளுக்கு நடுவில் பேசிக்கொண்டே போயிருக்கிறாள்.

சுற்றிப்போய் முன்னால் நின்றாள். ரத்னா நிமிர்ந்து பார்த்தாள். முகம் முழுதும் மலர்ந்தது. "கலா!" என்றாள், பெஞ்சே அதிரும்படி. தன் குரல் தனக்குக் கேட்காதவர்கள் போடும் சத்தம்.

"ஏங்க்கா சொல்லல?" சத்தம் போடாமல், உதட்டை மட்டும் அசைத்துத்தான் கேட்டாள்.

ரத்னா அவள் வாயைப் பார்த்தாள். உடனே புரிந்துகொண்டாள். "சொன்னா நீ பேசறத நிறுத்திடுவ" என்றாள்.

"போன் பண்ணேனே."

"போன்ல உன் வாய் தெரியலயே. நீதான்னு பரத்து போன்ல உன் பேரக் காட்டினான். உன் பேச்சு எவ்ளோ நேரம் போவும்னு எனக்குத் தெரியும், அந்த அளவுக்கு ம் கொட்டினேன்."

"வீடியோ கால் போட்டுக் குடுக்கறோம்னாலும் வாணான்றாங்க ஆன்டி" என்றாள் சத்யா, ரத்னாவைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக வாயைப் பெரிதாகத் திறந்து.

ரத்னா மருமகளின் வாயைப் பாவமாகப் பார்த்தாள். பிறகு சந்திரகலாவைப் பார்த்தாள். "இன்னா சொல்றா? நல்ல பொண்ணு. பரத்தும் நல்லவன்தான். ஆனா இவங்க வாய் எதுவுமே எனக்குப் புரியலடி. ஒம்போது மாசமா இந்த ஊட்ல யாரு இன்னா பேசறாங்கன்னு எனக்குத் தெரியாது. உன் வாய் ஒண்ணுதான் எனக்குப் பழக்கம்."

சத்யா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் நின்றாள்.

சந்திரகலா ரத்னாவின் பின்னால் போய், காது வரை ஏறி நின்ற அவள் தோள்கள் இரண்டையும் கையால் அழுத்திக் கீழே இறக்கினாள். கல் மாதிரி இருந்தன. கொஞ்ச நேரம் நீவிவிட்டாள். மோனிகா சொன்னதை எல்லாம் இவளுக்குச் சொல்லித்தர வேண்டும், இடப்பக்கம் திரும்பிப் பத்து எண்ணச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். எல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். பெஞ்சைச் சுற்றி வந்து, ரத்னாவுக்கு வலப்பக்கம் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"காயத்ரி முழுகாம இருக்கறா" என்றாள்.

"அய்யோ, எத்தனாவது மாசம்?" என்று கத்தினாள் ரத்னா.

அஞ்சரை மணி வண்டிக்குத்தான் எழுந்தாள். அதுவரை கழுத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு, வரதன் வரப்பு, டிரெய்லர், கொட்டிய புளிச்சாதம், மோனிகா, மணவாளன் என்று ஒன்று விடாமல் பேசினாள். மூன்று மணிக்கே வலி ஆரம்பித்துவிட்டது. அவள் திருப்பிக்கொள்ளவில்லை.